மொட்டைமாடியில் தொடங்கும் ஏ.சி. கணக்கு

ஏ.சி. மெக்கானிக் வீட்டுக்குள் நுழைந்ததும் எந்த அறைக்கு என்று கேட்கவில்லை. "மாடிப்படி எங்க இருக்குண்ணே?" என்றுதான் கேட்டார். மே மாதம், பிற்பகல் மூன்று மணி. அந்த நேரத்தில் வ. புதுப்பட்டியில் மொட்டைமாடியில் காய்வது வற்றல் மட்டும்தான். "தம்பி, செருப்பைக் கழட்டாமப் போங்க, கால் வெந்துரும்" என்று சித்தப்பா கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

வத்திராயிருப்பு வட்டாரத்துப் பேரூராட்சி இது. மேற்கே எழுந்து நிற்கும் மலையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கென்ன, எப்பவும் குளுகுளுன்னு இருக்கும்" என்பார்கள் வெளியூர்க்காரர்கள். தென்மேற்குப் பருவமழையில் பெரும்பங்கு மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்திலேயே இறங்கிவிடுகிறது. இந்தப்பக்கம் வந்து சேர்வது ஆனி, ஆடிக் காற்றும் எப்போதாவது ஒரு சாரலும்தான். பங்குனியிலிருந்து வைகாசி வரை மலையடிவாரமும் விருதுநகர் மாவட்டம்தான், அந்த வெயிலில் சலுகை கிடையாது.

சித்தப்பா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இத்தனை வருஷம் மின்விசிறியோடு காலம் தள்ளியவர் இப்போது ஏ.சி. வாங்கக் கிளம்பியதற்குக் காரணம், தங்கச்சி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பிள்ளை பிறந்து வீட்டுக்கு வரும்போது அக்கினி நட்சத்திரம் முடிந்திருக்கும், புழுக்கம் முடிந்திருக்காது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடைக்குப் போய் விசாரித்தோம். விற்பனையாளர் கேட்டது ஒரே கேள்வி: "ரூம் எத்தனைக்கு எத்தனை சார்?" பத்துக்குப் பன்னிரண்டு என்றோம். "ஒன்றரை டன் எடுத்திருங்க. ஒரு டன் எடுத்தா கூலிங் பத்தலைன்னு திரும்ப வருவீங்க." மேலே இன்னொரு மாடி இருக்கிறதா, வெறும் தளமா, சுவர் எந்தத் திசை, உள்ளே எத்தனை பேர் படுப்பார்கள் என்ற பேச்சே இல்லை. அதனால்தான் பொருள் விற்காத ஒருவர் வந்து பார்க்கட்டும் என்று இந்த மெக்கானிக்கை அழைத்தோம். ரிப்பேர் வேலை மட்டும் பார்க்கிறவர். எந்த மெஷின் வாங்கினாலும் அவருக்குக் கமிஷன் இல்லை.

மாடியில் அவர் பையிலிருந்து துப்பாக்கி வடிவத்தில் ஒரு தெர்மாமீட்டரை எடுத்தார். தொடாமலே தரையின் சூட்டைக் காட்டும் கருவி. தட்டோடு பதிக்காத தளம் அது, வெறும் சிமெண்ட் பூச்சு மட்டும், வருஷக்கணக்கில் வெயில் குடித்துக் கறுத்துப்போயிருந்தது. கருவி 57 டிகிரி காட்டியது. தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்த இடத்தில் 39. கைப்பிடிச் சுவரைத் தாண்டி, பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்த பக்கத்து வீட்டுத் தளத்தில் காட்டினார். 44. அதே வெயில், அதே கான்கிரீட், நடுவில் ஒரு சுவர். வெள்ளையும் கறுப்பும் மட்டும்தான் வித்தியாசம்.

கீழே வந்து, தங்கச்சி படுக்கப்போகும் அறையின் உட்கூரையைக் காட்டினார்: 42. மேற்குச் சுவரின் உட்புறம் 38, கிழக்குச் சுவர் 35. "உங்களுக்கு ஏ.சி. வேணும்னு சொல்றது இந்த ரூம் இல்லண்ணே, இந்தத் தளம்" என்றார். வேடிக்கைப் பேச்சில்லை, உண்மை அதுதான். கான்கிரீட் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். மத்தியானம் வாங்கிய வெயிலை இரவு பத்து, பதினொரு மணி வரை கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். விசிறியைப் போட்டால் அனல் காற்று வருகிறது என்று நாம் புலம்புவது அந்த நேரத்தில்தான். விசிறிக்கு மேலே 120 சதுர அடிக்கு ஒரு சூடான பலகை கிடக்கும்போது பாவம் விசிறி என்ன செய்யும்?

இனி டன் கணக்கு. "ஒன்றரை டன்னுன்னா அம்புட்டு எடையா? சுவர் தாங்குமா?" என்று சித்தி உண்மையாகவே கேட்டார். எடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லாமல் இல்லை, ஆனால் அது மெஷினின் எடை இல்லை, பனிக்கட்டியின் எடை. குளிரூட்டும் மெஷின் வருவதற்கு முன் குளிர்ச்சி என்பது பனிக்கட்டியாகத்தான் விற்றது. அமெரிக்காவின் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேமிக்கத்தான் சென்னைக் கடற்கரையில் 1842-இல் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். இன்றைக்கு அது விவேகானந்தர் இல்லம். 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுதான் 1 டன். இன்றைய கணக்கில் 3,517 வாட். ஒரு டன் ஏ.சி. என்றால் அறையிலிருந்து அவ்வளவு வெப்பத்தைத் தொடர்ந்து அள்ளி வெளியே கொட்டும் என்று பொருள். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி அறை எவ்வளவு பெரியது என்பதல்ல, அறைக்குள் எவ்வளவு வெப்பம் வருகிறது என்பது.

சித்தப்பா தினசரிக் காலண்டரில் கிழித்த தாளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மில்லில் இருந்தவருக்குக் கணக்கு என்றால் உற்சாகம் வந்துவிடும். தளம் 11 சதுர மீட்டர். வெயில் வாங்கிய வெறும் கான்கிரீட் சதுர மீட்டருக்கு 80 வாட் வரை உள்ளே இறக்கும் என்று வைத்தால் 880. மேற்குச் சுவர், ஒன்பது அங்குலச் செங்கல், 325. மற்ற சுவர்கள் சேர்த்து 200. மேற்கே ஒரு சன்னல், திரை போட்டிருந்தாலும் 200. கதவு திறந்து மூடும்போதும் இடுக்கு வழியாகவும் நுழையும் வெளிக்காற்றுக்கும் அதிலுள்ள ஈரத்துக்கும் 250. தங்கச்சி, சித்தி, பிள்ளை மூவருக்கும் தாராளமாக 250. விசிறி, விளக்கு, போன் சார்ஜர் எல்லாம் 150. கூட்டினால் 2,255 வாட். 3,517-ஆல் வகுத்தால் முக்கால் டன்கூட வரவில்லை.

"அப்ப ஒன்றரை எதுக்கு?" என்றார் சித்தப்பா.

மெக்கானிக் கடைக்காரரை விட்டுக்கொடுக்கவில்லை. அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. மெஷினின் திறனை வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளந்துதான் லேபிளில் போடுகிறார்கள். வெளியே 42, 43 ஆகும்போது அதே மெஷின் பத்து சதவீதம் அளவுக்குக் குறைவாகத்தான் இழுக்கும். '1 டன்' என்று விற்கும் எல்லாமே 3,517 வாட்டும் இல்லை, 3,300 வாட் மெஷினும் அதே பெயரில் வருகிறது. டன்னைப் பார்க்காமல் லேபிளில் வாட் எண்ணைப் பாருங்கள் என்றார். சாயந்தரம் ஆறு மணிக்குப் போட்டால் முதல் ஒரு மணி நேரம் மெஷின் காற்றைக் குளிர்விப்பதைவிடத் தளத்தோடும் சுவரோடும்தான் மல்லுக்கட்டும். இவ்வளவையும் கழித்தாலும் கிட்டத்தட்ட 3,000 வாட் மிஞ்சும். தேவையோ 2,255.

பெரிதாக வாங்கினால் என்ன கெட்டுப்போகிறது, சீக்கிரம் குளிரட்டுமே என்று தோன்றும். ஏ.சி.க்கு இரண்டு வேலை. ஒன்று சூட்டை இறக்குவது, இன்னொன்று காற்றிலுள்ள ஈரத்தை வடிப்பது. குளிர்ந்த சுருளில் காற்று கொஞ்ச நேரம் தொடர்ந்து பட்டால்தான் ஈரம் நீராகி வெளிக்குழாயில் சொட்டும். அறைக்கு மிஞ்சிய மெஷின் பத்து நிமிஷத்தில் 24 டிகிரியைத் தொட்டுவிட்டு நின்றுவிடும். ஈரம் அப்படியே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அப்படிப்பட்ட அறையில் படுத்துப் பாருங்கள், குளிரும், ஆனால் போர்வை பிசுபிசுக்கும். கம்ப்ரஸர் நின்று நின்று ஓடுவதால் தேய்மானமும் கூடும். இன்வெர்ட்டர் மெஷின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெதுவாக ஓடும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கும் ஒரு அடிமட்டம் உண்டு, அதற்குக் கீழே இறங்க முடியாமல் அதுவும் நிற்கத்தான் செய்யும். நாலு பேர் வீட்டில் தினமும் கல்யாண அண்டாவில் உலை வைப்பதுபோலத்தான் இது.

வகை எது என்பதில் அதிக நேரம் ஆகவில்லை. விண்டோ ஏ.சி. விலை குறைவு, ஒரே பெட்டி, மாட்டும்போது கேஸ் குழாயை இணைக்கும் வேலையே இல்லை, ரிப்பேரும் எளிது. வாடகை வீட்டுக்காரர்களுக்கு நான் இன்றும் அதைத்தான் சொல்வேன். ஆனால் இந்த அறைக்கு இருப்பது ஒரே சன்னல், அதை அடைத்துவிட்டால் காற்றுக்கு வழியில்லை. சத்தமும் கைக்குழந்தை தூங்கும் அறைக்கு ஆகாது. சக்கரம் வைத்து உருட்டும் போர்ட்டபிள் ஏ.சி. ஒரு குழாயைச் சன்னல் வழியே வெளியே விட்டு, அறைக் காற்றையே எடுத்து வெளியே தள்ளும். தள்ளிய காற்றுக்கு ஈடாகக் கதவிடுக்கு வழியே வெளி அனல் உள்ளே வரும். அதைப் பற்றிப் பேச மேலும் இடம் வீணாக்க வேண்டாம். ஸ்ப்ளிட்தான். அதில் இன்வெர்ட்டர்.

நட்சத்திரம் எத்தனை என்பதில்தான் எனக்கும் மெக்கானிக்குக்கும் கொஞ்சம் வாக்குவாதம். ஐந்து நட்சத்திரம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பது என் கட்சியாக இருந்தது. அவர் லேபிளில் சிறிய எழுத்தைப் படிக்கச் சொன்னார். மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் ஒட்டவைக்கும் அந்த லேபிளில் வருஷத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். அது வருஷத்துக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்று வைத்துப் போட்ட கணக்கு. இந்த வீட்டில் வெயில் கடுமையான நான்கு மாதம், இரவு எட்டு மணி நேரம் ஓடினால் 960 மணி நேரம்தான். மூன்று நட்சத்திர மெஷினின் யூனிட்டையும் ஐந்து நட்சத்திர மெஷினின் யூனிட்டையும் கழித்து, வரும் மிச்சத்தில் ஐந்தில் மூன்று பங்கை எடுத்துக்கொண்டு, யூனிட் விலையால் பெருக்கிப் பார்த்தால், கூடுதலாகக் கொடுத்த பணம் எத்தனை வருஷத்தில் திரும்பும் என்று தெரிந்துவிடும். பகலெல்லாம் ஓடும் கடைக்கு ஐந்து நட்சத்திரம் சரி. இரவில் மட்டும் ஓடும் வீட்டுக்கு மூன்றே போதும் என்பது அவர் வாதம், நான் ஒத்துக்கொண்டேன். சில வருஷத்துக்கு ஒருமுறை இந்த அளவுகோலை இறுக்குகிறார்கள். பழைய சரக்கின் ஐந்தும் புது சரக்கின் ஐந்தும் ஒன்றல்ல, லேபிளில் இருக்கும் ஆண்டையும் பாருங்கள்.

கரண்ட் பில் பயம் சித்திக்கு. நம் மாநிலத்தில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு, முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் 501-ஆவது யூனிட்டுக்கு மட்டும் விலை கூடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படியில்லை. தாண்டிய மறுகணம் 101-இலிருந்து 200 வரை கிடைத்த சலுகை விலையும் போய்விடும். இந்த வீட்டில் கோடையில் 250 யூனிட் ஓடுகிறது. ஒரு டன் மெஷினுக்கு இரவுக்கு 4 யூனிட் என்று வைத்தால் இரண்டு மாதத்தில் 240. மயிரிழையில் 490-இல் நிற்கும். ஒன்றரை டன்னோ, 20 டிகிரியில் வைக்கும் பழக்கமோ வந்தால் கோடு தாண்டியாகிவிட்டது. வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் செயலகமே சொல்கிறது. 2020 ஜனவரி முதல் வரும் மெஷின்கள் போட்டவுடன் 24-இல்தான் தொடங்க வேண்டும் என்ற விதி வந்ததும் அதனால்தான். பிள்ளை இருக்கும் அறையில் 26 வைத்து, விசிறியை ஒன்றில் ஓடவிட்டால் போதும்.

கூடத்துக்கு வந்தோம். 22-க்கு 12. ஒரு பக்கம் அடுப்படி, கதவு கிடையாது, இன்னொரு பக்கம் மாடிப்படி திறந்து கிடக்கிறது. வீட்டின் முன்பகுதி தாத்தா காலத்து ஓட்டு வீடு, ஓட்டு இடுக்கில் வெளிச்சம் தெரிகிறது. "இங்க ரெண்டு டன் போட்டாலும் ஊரைத்தான் கூல் பண்ணும்" என்றார் மெக்கானிக். சித்தப்பா மூலையில் கிடந்த தண்ணீர்க் கூலரைக் காட்டிச் சிரித்தார். "இதுதான் தம்பி எங்க பிளான்ட்டு. சின்ன சைஸ்."

கூலரை ஏழையின் ஏ.சி. என்று சொல்லி ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. அது வேறு வகை எந்திரம், அதற்கென்று ஒரு பருவம் உண்டு. நனைந்த திண்டு வழியே காற்று போகும்போது தண்ணீர் ஆவியாகிறது, ஆவியாகத் தேவையான வெப்பத்தைக் காற்றிடமே எடுத்துக்கொள்கிறது. வெளியே 38 டிகிரி, ஈரப்பதம் 35 சதவீதம் என்ற சித்திரை மத்தியானத்தில் நல்ல கூலர் 28 டிகிரிக் காற்றைக் கொடுத்துவிடும். மின்சாரமோ இரண்டு, மூன்று விசிறிக்கான அளவு. ஆனால் சன்னல் திறந்திருக்க வேண்டும், உள்ளே சேரும் ஈரம் வெளியேற வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு கூலர் போடுகிறவர்கள் அறையை இட்லிக் கொப்பரை ஆக்கிக்கொள்கிறார்கள். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் கூலரை மூலையில் போட்டுவிட வேண்டியதுதான். ஏ.சி.யும் கூலரும் ஒரே அறையில் ஒன்றாக ஓடக் கூடாது. ஒன்று ஈரத்தை வடிக்கும், மற்றது ஊற்றும். இந்தக் கூடத்துக்குக் கூலரே சரி.

சித்தப்பா சொன்ன 'பிளான்ட்' என்னவென்று மறுநாள் காலை ராஜபாளையத்தில் பார்த்தேன். அவருடைய பழைய மில் இல்லை, தெரிந்தவர் மூலம் அனுமதி வாங்கிய வேறொரு மில். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து இந்த ஊர் நூலை நம்பி வளர்ந்தது. ரிங் ஃபிரேம் ஓடும் பகுதிக்குள் நுழைந்ததும் முகத்தில் ஈரம் தட்டியது. சுவரிலிருந்த கருவியில் 33 டிகிரி, ஈரப்பதம் 58. வீட்டு ஏ.சி.க்குப் பழகியவருக்கு இதைக் குளிரூட்டிய இடம் என்று சொல்ல மனம் வராது. ஆனால் குளிர்சாதனத்தின் பிறப்பிடமே இந்த மாதிரி இடம்தான். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு அச்சகத்தில் காகிதம் ஈரம் குடித்து நீண்டு வண்ணம் விலகியதைச் சரிசெய்யத்தான் வில்லிஸ் கேரியர் முதல் எந்திரத்தை வடிவமைத்தார். அதே காலத்தில் அமெரிக்காவின் தென்பகுதிப் பஞ்சாலைகளில் காற்றை நனைக்கும் சாதனங்களைச் செய்துகொண்டிருந்தார் ஸ்டூவர்ட் கிராமர். மனிதருக்காக வந்ததில்லை அது. காகிதத்துக்கும் பஞ்சுக்கும் வந்ததை நாம் பிறகு எடுத்துக்கொண்டோம்.

காற்று வறண்டால் பஞ்சிழை முறுக்கு வாங்காமல் அறுந்துபோகும், உராய்வில் மின்னேறி உருளையில் ஒட்டும், தூசியாகப் பறக்கும். அளவுக்கு மீறி நனைந்தாலும் உருளையில் சுற்றிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கணக்கு. பஞ்சு பிரிக்கும் புளோ ரூமில் ஈரப்பதம் குறைவு, நூற்கும் இடத்தில் கூடுதல், கோன் சுற்றும் இடத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதல். சித்தப்பா என்னைச் சுவருக்குப் பின்னால் இருந்த பிளான்ட் அறைக்குக் கூட்டிப்போனார். ஆள் உயர விசிறி, அடுத்து ஒரு நீண்ட அறை முழுக்கக் குழாய் குழாயாக நின்று தண்ணீரைப் பூமாரியாய்த் தெளிக்கும் நாசில்கள், அதற்கப்பால் வளைந்து வளைந்து நிற்கும் தகடுகள். தகட்டில் மோதித் துளிகள் கீழே விழ, ஈரக் காற்று மட்டும் கூரையில் ஓடும் டக்ட் வழியே மில்லுக்குள் இறங்குகிறது. எந்திரங்களின் சூட்டையும் பறக்கும் பஞ்சையும் வாரிக்கொண்டு தரையடிக் கால்வாய் வழியே திரும்பி வருகிறது. வடிகட்டியில் வெள்ளையாகப் படிந்திருந்த பஞ்சைச் சித்தப்பா விரலால் உருட்டி எடுத்துக் காட்டினார். "இதை ஒரு ஷிஃப்ட் சுத்தம் பண்ணாம விட்டா உள்ள நூல் அறுந்துக்கிட்டே இருக்கும். உங்க ஏ.சி. பில்ட்டரை மூணு மாசமா கழட்டாம வச்சிருப்பீங்க."

கம்ப்ரஸர் இல்லாத குளிர்ச்சி. கேஸ் இல்லை. விசிறியும் பம்பும் மட்டும். ஆனால் மில்லின் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இதற்கே போய்விடும் என்கிறார்கள், அதனால் கோடைக்கு ஒரு வேகம், மழைக்கு ஒரு வேகம் என்று விசிறியை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

திரும்பும் வழியில் ஒரு கல்யாண மண்டபத்தில் 'ஏ.சி. ஹால்' என்ற பலகையைப் பார்த்து இறங்கினோம். சுவரோரமாகப் பீரோ அளவில் டவர் ஏ.சி.கள். கூரை தகரம், கீழே அட்டைக் கூரை. எங்களோடு வந்திருந்த மெக்கானிக் அங்கேயே மனக்கணக்காகச் சொன்னார்: 500 பேர் உட்கார்ந்தால் தலைக்கு 130 வாட் என்று ஆட்கள் மட்டுமே 65,000 வாட், அதாவது 18 டன்னுக்கு மேல். தகரக் கூரை, விளக்கு, திறந்தே கிடக்கும் வாசல் கணக்கு தனி. மாப்பிள்ளை வேர்த்து வழிவதற்கு ஏ.சி.யைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த அளவு கட்டடங்களுக்குச் சதுர அடிக் கணக்கு அறவே செல்லாது, ஆள் கணக்குத்தான். கூரையில் பதிக்கும் கேசட், டக்ட் வழிக் காற்று, ஒரே வெளி யூனிட்டில் பல அறைகளை இணைக்கும் வி.ஆர்.எஃப். எல்லாம் இங்கேதான் வேலைக்காகும். வீட்டில் இரண்டு படுக்கையறைக்கு வி.ஆர்.எஃப். போடச் சொல்லி யாராவது வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

புதுப்பட்டி திரும்பியதும் கடைசி வேலை, வெளி யூனிட்டுக்கு இடம் பார்ப்பது. மேற்குச் சுவரில் மாட்டினால் குழாய் நீளம் குறைவு, ஆனால் சாயந்தர வெயில் நேராக அடிக்கும். சூட்டை வெளியே தள்ள வேண்டிய பெட்டியையே வெயிலில் சுட்டால் மெஷின் திணறும். வடக்குப் பக்கம் நிழல், குழாய் எட்டு அடி கூடுதல். வடக்கே முடிவானது. இந்த ஊருக்கென்று இன்னொரு தொல்லை, குரங்கு. எதிர்வீட்டு ஏ.சி.யின் குழாயைச் சுற்றியிருந்த கறுப்புப் பஞ்சுறையைப் பிய்த்துத் தின்றதுபோல் உரித்துப் போட்டிருந்தன, செம்புக் குழாய் வெறுமனே வேர்த்துச் சொட்டிக்கொண்டிருந்தது. பி.வி.சி. குழாய்க்குள் நுழைத்துக் கொண்டுபோகவும், யூனிட்டுக்கு இரும்புக் கூண்டு அடிக்கவும் சொன்னார் மெக்கானிக். காற்று வெளியேறும் முன்பக்கத்தைக் கூண்டு நெருக்கக் கூடாது. சாயந்தரம் வோல்டேஜ் பார்த்தார், 195. ஸ்டெபிலைசரும் பட்டியலில் சேர்ந்தது.

மொட்டைமாடிக்கு முதலில் சுண்ணாம்பு. தட்டோடு பதிக்கும் வேலை ஆடி கழிந்து, பிள்ளையோடு தங்கச்சி ஊருக்குப் போன பிறகு. இரண்டு கோட் அடித்து முடித்த வாரத்தில் மெக்கானிக்கிடம் சொல்லி மறுபடி அளக்கச் சொன்னார் சித்தப்பா. அதே மூன்று மணி, உட்கூரை 37. ஏ.சி. இன்னும் பெட்டியைவிட்டு வெளியே வரவே இல்லை. வாங்கியது 1 டன், மூன்று நட்சத்திர இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எந்தக் கம்பெனி, எத்தனை டன் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறோம், மாட்டுகிற நாளில் பக்கத்தில் நிற்பதில்லை. குழாயை இணைத்ததும் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வாக்குவம் பம்ப் வைத்துக் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் உறிஞ்ச வேண்டும். அவசரக்காரர்கள் பம்ப் கொண்டுவராமல், கேஸைக் கொஞ்சம் திறந்து காற்றை வெளியே தள்ளிவிட்டு "முடிஞ்சது சார்" என்பார்கள். உள்ளே தங்கிய ஈரம் கம்ப்ரஸரை மெல்லத் தின்னும். இப்போது வரும் ஆர்-32 கேஸ் தீப்பற்றக்கூடியது, அப்படித் திறந்துவிடுவது ஆபத்தும்கூட. ஆள் வந்ததும் முதலில் கேளுங்கள், பம்ப் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று. இல்லை என்றால் மறுநாள் வரச் சொல்லுங்கள்.